முழங்காலுக்கு மேலே வீக்கம்: பயொப்சியை இங்கேயே செய்விப்பதா, மகரகமை வரை பொறுப்பதா?

உப்புவெளி ஆசிரியை:

அனைவருக்கும் வணக்கம். என் தங்கையின் மகனுக்கு வயது 15. பாடசாலைக் கால்பந்து அணியில் ஆடுபவன். இரண்டு மாதங்களுக்கு முன் மைதானத்தில் விழுந்த நாளிலிருந்து இடது முழங்காலுக்குச் சற்று மேலே நோவதாகச் சொல்லிக்கொண்டிருந்தான். விழுந்த நோவுதானே என்று முதலில் சித்தாலேப பூசினோம்; பிறகு முறிவு நெரிவு வைத்தியரிடம் கூட்டிச் சென்று மூன்று தடவை எண்ணெய் தடவிப் பத்துப் போட்டுக் கட்டினோம். பகலில் ஓடியாடித் திரிகிற பிள்ளை, இரவு 2 மணிக்கு எழுந்திருந்து காலைப் பிடித்துக்கொண்டு அழத் தொடங்கிய பிறகுதான் பொது வைத்தியசாலைக்குப் போனோம். வைத்தியர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். தொடையெலும்பின் கீழ் நுனியிலிருந்து, சிறுபிள்ளைகள் சூரியனுக்குக் கதிர் வரைவதுபோல, மெல்லிய கோடுகள் வெளிப்புறமாக விரிந்து நின்றன. எலும்பில் கட்டியாக இருக்கக்கூடும் என்று சொல்லி, கொழும்புக்கு அருகே மகரகமையிலுள்ள அபேக்ஷா புற்றுநோய் வைத்தியசாலைக்குக் கடிதம் தந்திருக்கிறார்.

இதற்கிடையில், தனியார் சிகிச்சை நிலையமொன்றில் நாங்கள் காட்டிய சத்திரசிகிச்சை நிபுணர் ஒருவர், வருகிற செவ்வாய்க்கிழமையே இங்கு திருகோணமலையில் பயொப்சி செய்து, அதாவது கட்டியில் சிறு துண்டொன்றை வெட்டியெடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பிவிடலாம், முடிவைக் கையில் வைத்துக்கொண்டு கொழும்புக்குப் போனால் அலைச்சல் குறையும் என்கிறார். தங்கையின் கணவர் கடற்றொழில் செய்பவர். கொழும்புக்கு ஒரு தடவை போய்வந்தால் அந்த வாரத் தொழில் போயிற்று. அவருக்கு இது நல்ல யோசனையாகப் படுகிறது. எனக்கும் முதலில் அப்படித்தான் பட்டது. ஆனால், கடிதம் எழுதித் தந்த வைத்தியர், அங்கே போய்ச் சேரும்வரை யாரையும் கத்தி வைக்க விடாதீர்கள் என்று வாசல்வரை வந்து மறுபடியும் சொன்னது மனதில் நிற்கிறது. காரணம் கேட்க அப்போது தோன்றவில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஓய்வுபெற்ற தாதி:

ஆசிரியை அவர்களுக்கு, அந்த வைத்தியர் வாசலில் சொன்னதையே பிடித்துக்கொள்ளுங்கள். செவ்வாய்க்கிழமை வேண்டாம்.

நான் எலும்பு வார்ட்டிலும் பிறகு புற்றுநோய் வார்ட்டிலும் வேலை செய்தவள். சார்கோமா என்பது எலும்பு, தசை, கொழுப்பு, இரத்தக் குழாய், நரம்புறை போன்ற இணைப்பிழையங்களில் தோன்றும் புற்றுகளுக்குப் பொதுப்பெயர். பெரியவர்களுக்கு வரும் புற்றுநோய்களில் நூற்றுக்கு ஒன்று அளவே இது. அந்த ஒன்றுக்குள்ளும் 70க்கு மேற்பட்ட வகைகள் இருக்கின்றன. ஆகவே நல்ல சத்திரசிகிச்சை நிபுணர் ஒருவர்கூட இதைத் தன் தொழில் வாழ்க்கையில் விரல்விட்டு எண்ணும் தடவைகளே கண்டிருக்கக்கூடும். இது அவருடைய திறமைக் குறைவு அன்று. நோயின் அருமை அப்படிப்பட்டது.

பயொப்சி ஊசி போய்வந்த வழியில் கட்டியின் கலங்கள் தங்கிவிடக்கூடும். அதனால் பிறகு கட்டியை அகற்றும்போது, ஊசி சென்ற தடத்தையும் தோலிலுள்ள தழும்பையும் கட்டியோடு சேர்த்து ஒரே துண்டாக வெட்டியெடுப்பது வழக்கம். அப்படியென்றால், ஊசியை எந்த இடத்தில், எந்தத் தசைக்கு ஊடாகச் செலுத்துவது என்று முடிவு செய்யவேண்டியவர் இறுதியில் அந்தக் காலைத் திறக்கப்போகும் நிபுணரே. காலின் நீளவாக்கில் கீறவேண்டிய இடத்தில் குறுக்காகக் கீறிவிட்டாலோ, ஊசி முழங்கால் மூட்டுக்குள் புகுந்துவிட்டாலோ, உள்ளே இரத்தம் கட்டி அது பெரிய நாளங்களின் பக்கம் பரவினாலோ, காப்பாற்றியிருக்கக்கூடிய காலை எடுக்கவேண்டி வரலாம்.

இது கற்பனைப் பயம் அன்று. அமெரிக்காவின் மசாசூசெட்ஸ் பொது வைத்தியசாலையைச் சேர்ந்த ஹென்றி மான்கின் 1982இல் 329 நோயாளரின் பயொப்சி விபரங்களைத் தொகுத்தார். அதன்பின் எல்லோரும் திருந்தியிருப்பார்கள் என்ற எதிர்பார்ப்போடு 1996இல் 597 பேருடையதைத் தொகுத்தபோதும் நிலைமை ஏறக்குறைய அப்படியே இருந்தது. அந்த 597 பேரில் 18 பேர் பயொப்சியில் நேர்ந்த கோளாறு காரணமாகவே தேவையில்லாமல் அங்கத்தை இழந்திருந்தார்கள். சிறப்பு நிலையத்துக்கு வெளியே செய்யப்பட்டவற்றில் பிழைகளும் அவற்றின் விளைவுகளும் 2 முதல் 12 மடங்கு அதிகமாக இருந்தன.

இன்னொன்று: தொடையெலும்பு முழுவதையும் காட்டும் எம்.ஆர்.ஐ. ஸ்கானைப் பயொப்சிக்கு முன்பே எடுக்கவேண்டும். வெட்டிய பிறகு எடுத்தால், எது கட்டி, எது வெட்டினால் வந்த வீக்கம் என்று பிரித்தறிவது கடினமாகிவிடும். அதே எலும்பின் மேற்பகுதியில் சிறு கட்டி தனித்து ஒளிந்திருக்கிறதா என்பதும் அதில்தான் தெரியவரும்.

அதுவரை எண்ணெய் தடவுவதை நிறுத்துங்கள், பிள்ளையை மைதானத்துக்கு விடாதீர்கள், ஊன்றுகோல் கொடுங்கள். கட்டி அரித்த எலும்பு இலேசாக முறிந்துவிடும். முறிந்தால் சத்திரசிகிச்சை பல மடங்கு சிக்கலாகும்.

கோணமலைவாசி:

மன்னிக்கவேண்டும், இங்கே ஒரு கேள்வி எழுப்பியே ஆகவேண்டும். கத்தி பட்டால் புற்று பரவும் என்ற பேச்சு நம் ஊரில் எத்தனை பேரை வைத்தியசாலைக்கே போகவிடாமல் தடுத்திருக்கிறது என்பதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். என் பெரியம்மா மார்பில் கட்டியை வைத்துக்கொண்டு இரண்டு வருடம் அதே பேச்சைச் சொல்லிக்கொண்டிருந்தவர். தாதி அம்மா சொல்வதை அரைகுறையாகக் கேட்கும் ஒருவர், பயொப்சியே ஆபத்து என்று எடுத்துக்கொள்ள மாட்டாரா? மகரகமையில் திகதி கிடைக்கும்வரை காத்திருக்கும் காலத்தில் கட்டி வளராதா?

ஓய்வுபெற்ற தாதி:

நியாயமான கேள்வி, நான் இன்னும் தெளிவாக எழுதியிருக்கவேண்டும். பயொப்சி இல்லாமல் இந்த நோய்க்கு எந்தச் சிகிச்சையும் தொடங்க முடியாது, தொடங்கவும் கூடாது. சரியான இடத்தில் செய்யப்படும் பயொப்சியால் ஆயுள் குறைவதில்லை. உங்கள் பெரியம்மாவுக்கு நேர்ந்தது பயத்தினால் வந்த தாமதம். இங்கே பேசுவது வேறு: செய்யவேண்டிய காரியத்தை எவர் செய்வது என்பது. சரியான கைக்காக ஒரு வாரம், இரண்டு வாரம் பொறுப்பதில் இழப்பு சிறிது. பிழையான வெட்டைத் திருத்துவதற்கு வழியே இல்லாமல் போகலாம். அதற்காக மாதக்கணக்கில் கடிதத்தை மேசையில் வைத்துக்கொண்டு இருக்கலாம் என்று நான் சொல்லவில்லை. கடிதத்தோடு நாளையே புறப்படலாம்.

கொழும்புக்கு ஏன் இழுபட வேண்டும், திருகோணமலையிலேயே இந்த வசதியைச் செய்து தரக்கூடாதா என்று அடுத்து யாராவது கேட்பீர்கள். இங்கிலாந்து முழுவதற்கும் முதல்நிலை எலும்புப் புற்றுச் சத்திரசிகிச்சை நிலையங்கள் ஐந்துதான்: பேர்மிங்ஹாம், நியூகாசில், ஒஸ்வெஸ்ட்ரி, ஒக்ஸ்போர்ட், ஸ்ரான்மோர். பணமில்லாமல் அவர்கள் ஐந்தோடு நிறுத்தவில்லை. அரிய நோயாளர் ஒரே இடத்தில் குவிந்தால்தான் கதிர்ப்பட நிபுணர், வெட்டியெடுத்த துண்டை நுணுக்குக்காட்டியில் பார்க்கும் இழையவியல் நிபுணர், எலும்புச் சத்திரசிகிச்சை நிபுணர், மருந்துச் சிகிச்சை நிபுணர் எல்லோரும் ஒரே மேசையில் இருந்து ஒரே படத்தைப் பார்த்துப் பழகுவார்கள்.

தம்பலகாமத்துப் பெண்:

நான் இங்கு எழுதுவதில்லை, வாசிப்பதோடு சரி. ஆனால் இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

எனக்கு வலது தொடையின் பின்புறத்தில் ஒரு கட்டி இருந்தது. நோவு இல்லை. நோவாத கட்டி நல்ல கட்டி என்று எல்லோரும் சொன்னார்கள், நானும் நம்பினேன். வயலுக்குப் போய்வந்து திண்ணையில் இருக்கும்போது ஒரு பக்கம் உயர்ந்திருப்பதுபோலத் தோன்றும், அவ்வளவுதான். ஒரு வைத்தியர் தொட்டுப் பார்த்துக் கொழுப்புக் கட்டி என்றார். ஸ்கான் எதுவும் எடுக்காமல், விறைப்பூசி போட்டு அரை மணித்தியாலத்தில் எடுத்துவிட்டார். எந்த ஊர், எந்த இடம் என்று எழுத விரும்பவில்லை. மூன்று வாரம் கழித்து வந்த அறிக்கையில் கொழுப்பு இழையத்தின் சார்கோமா என்றும், வெட்டிய ஓரங்களில் கட்டி மிச்சமிருக்கிறது என்றும் எழுதியிருந்தது.

அதன்பின் முதல் தழும்பைச் சுற்றிக் கையகலத் தோலையும் அடியிலுள்ள தசையையும் எடுத்து, மற்றத் தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்டினார்கள். அதற்கு முன் ஐந்து வாரம், வாரத்துக்கு ஐந்து நாள், 25 தடவை கதிர்ச் சிகிச்சை. முதலிலேயே முறைப்படி செய்திருந்தால் அந்தத் தசையில் பாதி எனக்கு மிஞ்சியிருக்கும் என்று பின்னர் பார்த்த நிபுணர் சொன்னார். மாடிப்படி ஏறும்போது இன்றும் கைப்பிடி தேவைப்படுகிறது.

அவர் எனக்குச் சொல்லித் தந்த அளவை எல்லோருக்கும் சொல்லிவைக்கிறேன். 5 சென்ரிமீற்றரைத் தாண்டிய கட்டி, அதாவது ஒரு பெரிய தேசிக்காயைவிடப் பெரியது. அல்லது தோலுக்குக் கீழே வழுக்காமல் ஆழத்தில் தசையோடு நிற்பது. அல்லது மாதத்துக்கு மாதம் பெருப்பது. இவற்றில் ஒன்று இருந்தாலும், நோவு இருந்தாலும் இல்லாவிட்டாலும், ஸ்கான் எடுக்காமல் கத்தி வைக்க விடக்கூடாது.

ஓய்வுபெற்ற தாதி:

தங்கச்சி எழுதியதற்கு நன்றி. ஒரு சிறு சேர்க்கை மட்டும். கையிலோ காலிலோ மென்னிழையச் சார்கோமா என்றால் ஒரு காலத்தில் அங்கத்தை எடுத்துவிடுவதே வழக்கம். அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தில் 43 நோயாளரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு அங்கத் துண்டிப்பும், மற்றதற்கு அங்கத்தைக் காத்துக் கட்டியை மட்டும் எடுத்துக் கதிர்ச் சிகிச்சையும் கொடுத்துப் பார்த்து, 1982இல் முடிவை வெளியிட்டார்கள். உயிர் தப்பியதில் இரு பிரிவுக்கும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இருக்கவில்லை. உங்கள் 25 நாள் கதிர்ச் சிகிச்சை அங்கிருந்து வந்த வழிதான்.

மட்டுறுத்துநர்:

எலும்புக் கட்டியைப் பச்சிலையால் 40 நாளில் கரைப்பதாகக் கூறித் தொலைபேசி இலக்கத்தோடு இடப்பட்ட இரண்டு பதிவுகள் நீக்கப்பட்டன. மூன்றாவது தடவை இட்டால் கணக்கு முடக்கப்படும்.

கிண்ணியா வாப்பா:

ஆசிரியை அவர்களுக்கு ஸலாம். என் மகனுக்கு 14 வயதில் இதே இடத்தில், இதே கால்தான். பெயர் ஒஸ்டியோசார்கோமா, எலும்பில் தோன்றும் சார்கோமா. இப்போது 20 வயது. அல்ஹம்துலில்லாஹ், நேற்றுக்கூட மோட்டார் சைக்கிளின் சாவியை என்னிடம் கேட்டுச் சண்டை பிடித்தான். முழங்காலுக்குப் பதிலாக உள்ளே உலோக மூட்டு இருக்கிறது. ஓட முடியாது, நடப்பான், நீந்துவான்.

மருந்தைப் பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் கால் சத்திரசிகிச்சையைப் பற்றியே எல்லோரும் கேட்கிறார்கள். எங்களைச் சோதித்தது மருந்துதான். காலை எடுத்துவிட்டால் போதாதா என்று எங்கள் டொக்டரிடம் கேட்டேன். மருந்து இல்லாத காலத்தில் காலை எடுத்தும் ஐந்தில் ஒருவர்கூடத் தப்பவில்லை என்றார். எக்ஸ்ரேயில் தெரியாத அளவு சிறிய துணுக்குகள் முன்பே நெஞ்சுக்குள் போயிருக்குமாம். மருந்து சேர்ந்த பிறகு, நோய் பரவாத பிள்ளைகளில் மூன்றில் இருவர் அளவில் தப்புகிறார்கள். அதனால் முதலில் பத்து வாரம் அளவில் மருந்து, பிறகு சத்திரசிகிச்சை, எடுத்த எலும்பை வெட்டிப் பார்த்துக் கட்டியில் எவ்வளவு செத்திருக்கிறது என்று அளப்பது, பிறகு மீண்டும் மருந்து. 90 வீதத்துக்கு மேல் செத்திருந்தால் நல்ல அறிகுறி. மகனுக்கு 94.

மூன்று மருந்துகள். டொக்சோரூபிசின் சிவப்பு நிறம். அடுத்த நாள் சிறுநீரும் சிவப்பாகப் போகும், இரத்தம் என்று பயப்படவேண்டாம். அதற்கு முன் இதயத்துக்கு எக்கோ எடுக்கவேண்டும். சிஸ்பிளாட்டின் காதைத் தாக்கக்கூடியது. தொடங்குமுன் கேள்திறன் சோதனை செய்துகொள்ளுங்கள். மூன்றாவது மெதோட்ரெக்சேட், மஞ்சள் நிறப் போத்தல். உடம்பைக் கொல்லும் அளவுக்கு மருந்தைக் கொடுத்துவிட்டு, 24 மணித்தியாலம் கழித்து லியூகோவொரின் என்ற மாற்று மருந்தை ஆறு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை கொடுத்து ஆளை மீட்கிறார்கள். சேலைன் ஓடிக்கொண்டே இருக்கும், அதில் சோடியம் பைகார்பனேட் கலந்திருக்கும். சிறுநீர் புளிப்பாக மாறினால் மருந்து சிறுநீரகத்தில் படிகமாகிவிடும். ஒவ்வொரு தடவை சிறுநீர் போகும்போதும், புளிப்பின் அளவைக் காட்டும் பி.எச். பட்டியைத் தோய்த்து நிறத்தைப் பார்க்கவேண்டும், 7க்குக் கீழே இறங்கக்கூடாது. இரவு மூன்று மணிக்கு, வார்ட் மங்கல் விளக்கில், அந்தப் பட்டி பச்சையா மஞ்சளா என்று நானும் தாதி மிஸ்ஸியும் கைத்தொலைபேசி வெளிச்சத்தைப் பிடித்துப் பார்த்திருக்கிறோம். இரத்தத்தில் மருந்தின் அளவு இறங்கியது என்று ஆய்வுகூடம் சொல்லும்வரை வீட்டுக்கு விடமாட்டார்கள்.

அந்த நாட்களில் இபுபுரோபன், டைக்ளோபினாக், அஸ்பிரின் போன்ற நோவு மாத்திரைகளையும், வயிற்றெரிவுக்குப் போடும் ஒமிப்ரசோலையும் கேட்காமல் கொடுக்கவேண்டாம். மருந்து உடம்பைவிட்டு வெளியேறாமல் தடுத்துவிடும். கடையில் கேட்டால் உடனே எடுத்துத் தந்துவிடுகிறார்கள், அதுதான் பயம்.

ஊருக்கு வந்திருக்கும் நாட்களில் வெப்பமானி எப்போதும் கையில் இருக்கட்டும். 38 பாகை காட்டினால் பனடோல் கொடுத்து விடியட்டும் என்று இருக்கவேண்டாம், மகரகமைக்கும் ஓடவேண்டாம். கிளினிக் கொப்பியை எடுத்துக்கொண்டு நேரே திருகோணமலை வைத்தியசாலைக்குப் போய், கீமோ கொடுத்த பிள்ளை என்று முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.

பயணம்: நாங்கள் இரவு ரயிலில் போய்க் கோட்டையில் இறங்கி, புறக்கோட்டையில் 138ஆம் இலக்க பஸ் எடுப்போம். மருந்து முடிந்து திரும்பும்போது மட்டும் வான் பிடிப்போம். வாந்தியோடு பஸ்ஸில் ஹபரணைக் காட்டைக் கடக்க முடியாது. செலவுக்கு ஜனாதிபதி நிதியத்துக்கு விண்ணப்பிக்கலாம். இப்போது பிரதேச செயலகத்திலேயே பாரமெடுக்கிறார்கள்.

அலஸ்தோட்டம்:

சென்னைக்கோ வேலூருக்கோ கொண்டுபோனால் இன்னும் நல்ல மருந்து இருக்காதா? காணியை விற்றாவது செய்யத் தயாராக இருப்பவர்கள் இருக்கிறார்கள்.

ஓய்வுபெற்ற தாதி:

காணியை விற்க அவசரப்படவேண்டாம். ஒஸ்டியோசார்கோமாவுக்கு உலகம் முழுவதும் அடிப்படையில் இதே மருந்துகள்தான். இரத்தத்தில் மெதோட்ரெக்சேட்டை அளக்க வசதியில்லாத இடங்களில் அதற்குப் பதிலாக ஐபொஸ்பமைட் சேர்ப்பார்கள். கூடுதல் மருந்து கூடுதல் பலன் என்பதும் இல்லை. ஐரோப்பாவும் அமெரிக்காவும் சேர்ந்து 2,260 நோயாளரைப் பதிவுசெய்த யூராமொஸ் ஆய்வில், முதல் மருந்துகளுக்குச் சரியாக மசியாத கட்டியுள்ளவர்களுக்கு மேலும் இரண்டு மருந்துகளைக் கூட்டிப் பார்த்தார்கள். 2016இல் வந்த முடிவின்படி நச்சுத்தன்மை கூடியது, பலன் கூடவில்லை.

பணம் செலவழிப்பதாக இருந்தால், பயொப்சிக் கண்ணாடித் தகட்டை இன்னொரு சார்கோமா இழையவியல் நிபுணரிடம் காட்டுவதற்குச் செலவழியுங்கள். ஆள் போகவேண்டியதில்லை, தகடு போனால் போதும். யூவிங் சார்கோமா என்ற மற்ற எலும்புப் புற்று இதே வயதில்தான் வரும். அதற்கு மருந்தே வேறு, கதிர்ச் சிகிச்சைக்கும் அது மசியும். இரண்டையும் பிரித்தறிவதில் பிழைவிட்டால் மிச்சம் எல்லாமே பிழை.

நிலாவெளி ஒற்றைக்கால்:

வாப்பா எழுதியதை வாசித்து மகிழ்ந்தேன். ஆனால் இந்த இழை முழுவதும் காலைக் காப்பாற்றுவதே வெற்றி என்பதுபோல ஓடுகிறது. எனக்கு 17 வயதில் வலது கால் முழங்காலுக்கு மேலே எடுக்கப்பட்டது. கட்டி பெரிய நாளத்தைச் சுற்றியிருந்தது. காலைக் காத்திருந்தால் கட்டியின் ஒரு விளிம்பை உள்ளே விட்டுவந்திருப்பார்கள்.

உலோக மூட்டு வைத்தவர்களுக்குத் தொற்று வரலாம், தேயலாம், பத்துப் பதினைந்து வருடத்தில் மாற்றவேண்டி வரலாம். வளர்கிற சிறு பிள்ளைகளுக்கு இன்னொரு முறையும் உண்டு. முழங்காலை எடுத்துவிட்டு, கணைக்காலைப் பாதத்தோடு முன்பின்னாகத் திருப்பித் தொடையில் பொருத்துவார்கள். குதிக்கால் முன்னே பார்த்து நிற்கும், கணுக்கால் முழங்காலாக வேலை செய்யும். பார்ப்பவர்கள் திடுக்கிடுவார்கள். ஆனால் செயற்கைக் கால் மாட்டிக்கொண்டு அந்தப் பிள்ளைகள் ஓடுகிறார்கள்.

கனடாவின் ரெரி பொக்ஸ் என்ற இளைஞனுக்கு 1977இல், 18 வயதில், ஒஸ்டியோசார்கோமாவால் வலது கால் எடுக்கப்பட்டது. 1980இல் அவர் செயற்கைக் காலோடு 143 நாளில் 5,373 கிலோமீற்றர் ஓடினார். பிறகு நெஞ்சில் நோய் வந்ததால் நிறுத்தினார்; அடுத்த வருடம் இறந்தார். இரண்டையும் சேர்த்தே சொல்கிறேன், பாதிக் கதை எனக்குப் பிடிக்காது. நெஞ்சுக்கு எடுக்கும் சி.ரி. ஸ்கானைச் சிகிச்சை முடிந்த பிறகும் தவறவிடக்கூடாது என்பதற்காகச் சொன்னேன். நுரையீரலில் ஒன்றிரண்டு கட்டிகள் மட்டும் வந்தால் அவற்றையும் வெட்டியெடுத்துச் சிலரைக் குணமாக்குகிறார்கள்.

ஆசிரியை அக்கா, பிள்ளையிடம் எல்லாவற்றையும் சொல்லுங்கள். எனக்குச் சத்திரசிகிச்சைக்கு முதல்நாள் மாலைவரை யாரும் சொல்லவில்லை. அதை இன்னும் நான் மன்னிக்கவில்லை. இன்னொன்று, இந்த மருந்துகள் பிற்காலத்தில் பிள்ளைப்பேற்றைப் பாதிக்கக்கூடும். முதல் மருந்துக்கு முன்பே விந்தைச் சேமித்து வைக்க முடியுமா என்று கேளுங்கள். வெட்கப்பட்டு யாரும் கேட்காமல் விட்டுவிடுகிறார்கள்.

உப்புவெளி ஆசிரியை:

ஆறு வாரம் கழித்து எழுதுகிறேன். செவ்வாய்க்கிழமையை விட்டுவிட்டு மகரகமைக்கே போனோம். முதலில் எம்.ஆர்.ஐ., பிறகு நெஞ்சுக்குச் சி.ரி., பிறகுதான் ஊசிப் பயொப்சி. ஊசி போடுமுன் நிபுணர், பின்னாளில் கீறப்போகும் கோட்டைப் பேனையால் தொடையில் நீளமாக வரைந்து, அந்தக் கோட்டின் மேலேயே ஒரு புள்ளியைக் குத்தினார். தங்கையின் கணவர் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். வெளியே வந்து, வலையில் முதல் கண்ணைப் பிழையாகப் போட்டால் கடைசிவரை பிழைதானே என்றார். அதன்பின் அவர் தொழில் நாளைப் பற்றிப் பேசவில்லை.

முடிவு ஒஸ்டியோசார்கோமா. நெஞ்சில் எதுவும் தெரியவில்லை. எக்கோவும் கேள்திறன் சோதனையும் முடிந்து, சிவப்பு மருந்து ஒரு சுற்று கொடுத்தாயிற்று. தலைமயிர் கொட்டத் தொடங்கியதும் அவனே சலூனுக்குப் போய் மொட்டை அடித்துக்கொண்டு வந்தான். நிலாவெளித் தம்பி சொன்னபடி அவனிடம் எல்லாவற்றையும் சொன்னோம், அந்தக் கடைசி விடயத்தையும். என் தங்கையால் சொல்ல முடியவில்லை, நான்தான் சொன்னேன். அவன் அரை நாள் பேசாமல் இருந்துவிட்டு, காலைத் திருப்பிப் பொருத்துகிற அந்தச் சத்திரசிகிச்சையின் படத்தைக் காட்டச் சொன்னான்.

ஞாயிறு இரவு ரயிலில் மறுபடியும் போகிறோம், இந்தத் தடவை மஞ்சள் மருந்து. பி.எச். பட்டி திருகோணமலையில் எந்தக் கடையில் கிடைக்கும்?

கிண்ணியா வாப்பா:

தேடவேண்டாம். என்னிடம் உடைக்காத டப்பா ஒன்று இருக்கிறது, காலாவதித் திகதி அடுத்த வருடம். இப்படி நான் கொடுப்பது இது மூன்றாவது பிள்ளைக்கு. சனிக்கிழமை அஸர் தொழுது முடித்து பஸ் நிலையத்துக்குக் கொண்டுவருகிறேன். நிற அட்டையை வெளிச்சம் படாமல் வைத்துக்கொள்ளுங்கள், வெளிறினால் எண்ணை மாற்றிக் காட்டும்.